இருபத்து நான்கில் ஒரு பங்கு அக்கா

என் அறைக்குள் யார் வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இதை நான் எழுதி ஒட்டவில்லை. முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி குத்தல், பாதி உண்மை.

இருபத்தைந்து வருடமாக மாடல் கார் கட்டுகிறேன். நிஜக் காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு சாண் நீளம் வரும். அந்த ஒரு சாணுக்குள் இருக்கை, மிதி, மீட்டர், வயர், புகைக்குழாய் எல்லாம் உண்டு. பிழைப்புக்குப் பல் ஆய்வகத்தில் வேலை. ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லைக் கட்டிக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். அதற்கு எவனும் என்னைப் பாராட்டியதில்லை. ஆகவே கார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்துப் போட்டி. பதினோரு மாதம் உட்கார்ந்து ஒரு பழைய டாக்சியைக் கட்டியிருந்தேன். நான்கு கதவு, கரும்பச்சை. மற்றவர்கள் பந்தயக் கார் கட்டுவார்கள். எனக்கு ரோட்டில் ஓடும் சாதாரண வண்டிதான் பிடிக்கும். அதன் அளவுகளை எடுப்பதற்காக, நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு அடியில் டேப்போடு தவழ்ந்து, இரண்டு முறை திருடன் என்று பிடிபட்டிருக்கிறேன். கடைசிப் பூச்சான லேக்கர் அடித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இறுக மூன்று வாரம் வேண்டும். அதற்குள் விரல் அழுந்தினால் அந்த ரேகை காலத்துக்கும் போகாது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கு வயது மூத்தவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. தனி வீடு, தனிச் சமையல், வாயும் தனி ரகம். நான்கு மாதத்துக்கு முன், அலுவலகம் போகும்போது, அதற்குப் பக்கத்துத் தெருமுனையில் ஒரு மின்சாரக் கார் அவளை இடித்துத் தள்ளியது. இடது முழங்கைக்கு நாலு விரல் கீழே எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கை கூடிவிட்டது. அக்கா மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

காரணம் கை இல்லை. “நான் ரோட்டுலதான் ஓட்டினேன், அந்தம்மா திடீர்னு எறங்கிட்டாங்க” என்று ஓட்டியவன் சொன்னான். போலீஸ்காரர் அக்காவிடம் கேட்டார். “எனக்கு எதுவும் கேக்கல. எறங்கியிருக்கலாம்” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அந்த ஒரு ‘இறங்கியிருக்கலாம்’ அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

“மின்சாரக் கார் சத்தமே போடாதுக்கா. உன் காது மேல என்ன தப்பு?” என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

“கார் சத்தம் போடல, சரி. என் கால் எறங்கினது எனக்கே தெரியலையே, அதுக்கு என்ன சொல்ற?” என்பாள். “குச்சி நடைபாதை விளிம்புல தட்டுச்சு. அங்கதான் நின்னேன். அப்படித்தான் நான் நெனச்சுட்டு இருக்கேன். அதுவே பொய்யின்னா, இனிமே எந்த அடிய நம்பி எடுத்து வைப்பேன்?”

அலுவலகத்தில் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, நான் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெட்டியில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா சுவரைத் தடவிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“டேய், கார்னா எப்படி இருக்கும்?”

சிரித்துவிட்டேன். “என்னக்கா கேள்வி இது? எத்தன தடவ ஏறியிருக்க!”

“ஏறியிருக்கேன். கைப்பிடி தெரியும், கதவு தெரியும், சீட் தெரியும். எறங்கினா அது போயிடும். முழுசா ஒரு கார நான் பார்த்ததே இல்லடா. என்னை இடிச்சது இன்னதுன்னு தெரியாமலே அதுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கேன். ரோட்டுல நிக்கிறதத் தடவிப் பார்த்தா அலாரம் கத்தும், ஆள் ஓடிவருவான். நீதான் வீடு பூரா வச்சிருக்கியே.”

அலமாரியிலிருந்து ஒரு இரும்புப் பொம்மைக் காரை எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை உள்ளங்கையில் இரண்டு முறை உருட்டினாள்.

“இது சோப்பு.”

“கார்தான்கா.”

“கதவு எங்க? கோடு போட்டு ஏமாத்தியிருக்கான். இதுக்கா பதினோரு மாசமா இந்த அலட்டல்?”

“நான் கட்டுறது வேற. அதுல கதவு தொறக்கும், டிக்கி தொறக்கும்…”

“அப்ப அதக் குடு.”

மாட்டேன் என்றேன். லேக்கரைச் சொன்னேன், ரேகையைச் சொன்னேன், போட்டியைச் சொன்னேன். “திங்கக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கோ, எத்தன நாள் வேணாலும் தடவு.”

“திங்கக்கிழமை காலைலதான்டா எனக்குக் கெடு.”

“நாலு மாசமாச் சும்மாதானே இருந்த? இன்னிக்குத்தான் உனக்கு ஞானம் வந்துச்சா?” என்று கத்திவிட்டேன். என் குணம் அப்படி. முன்கோபம் வந்தால் முன்னால் நிற்பது யார் என்று பார்க்காது. அக்கா சுவரைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனாள்.

மனைவி காய் நறுக்கிய கையோடு வந்து வாசலில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை, அவள் உயர்த்தாதபோதுதான் பயப்பட வேண்டும்.

“அண்ணி உங்க கார் கதைய எத்தன வருஷமா கேக்குறாங்க? இந்தக் கலர் அடிச்சேன், அந்தப் பளபளப்பு வந்துச்சுன்னு அவங்ககிட்டதான் மணிக்கணக்காச் சொல்வீங்க. அவங்களும் ‘ம், அப்புறம்?’னு கேப்பாங்க. ஒரு நாளாவது ஒண்ண எடுத்துக் கையில குடுத்திருக்கீங்களா?”

இல்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. நிறமே தெரியாதவளிடம் நிறத்தைப் பற்றிப் பேசியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. காரை அதன் மரப்பலகையோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

“கை கழுவினியா?” என்றேன். புத்தி எங்கே போகும்?

“சோப்பு போட்டு,” என்றாள் அக்கா. மேசை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு நடந்ததை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. எங்கள் நடுவர்கள் டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். அக்கா முக்கால் மணி நேரம் பார்த்தாள். முதலில் இரண்டு கையையும் காரின் இரு பக்கமும் கொண்டுவந்து, ஒட்டாமல் ஒட்டி, முன்னிருந்து பின்வரை ஒரு முறை போனாள். அவள் விரல் அழுந்தவே இல்லை.

“டேய்,” என்றாள் மெதுவாக. “முன்னாடி கண்ணாடி சாஞ்சா இருக்கு?”

“ஆமா.”

“நான் சுவரு மாதிரி நேரா நிக்கும்னு நெனச்சேன். உள்ள உட்கார்ந்தா தெரியலையே. அப்ப மேல போகப் போக கார் சின்னதாகுதா? பின்னாடியும் சாய்வா?” அவள் குரல் மேலே போனது. “நாப்பது வருஷமா என் மனசுல இருந்த கார் ஒரு ரூமுடா. நாலு மூலை, மேல கூரை, அடியில சக்கரம். இது அப்படி இல்லையே. இது குனிஞ்சு நிக்குது!”

குனிந்து நிற்கிறது. அந்தக் கூரையின் சரிவை உப்புத்தாளால் மூன்று வாரம் தேய்த்தவன் நான். எனக்கு அந்தச் சொல் தோன்றியதே இல்லை.

கதவை நகத்தால் திறந்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டு இருக்கையைத் தொட்டு, “தையல் வச்சிருக்கியே!” என்று சிரித்தாள். மரப்பலகை போலத் தெரிவதற்காக நான் எட்டு நாள் தூரிகை பிடித்து மர ரேகை தீட்டிய டாஷ்போர்டை, “வழவழன்னு இருக்கு, ஒண்ணுமில்ல” என்று ஒரே நொடியில் தாண்டினாள். காரைப் புரட்டி அடியில் புகைக்குழாய் போகும் வழியையெல்லாம் பின்தொடர்ந்தாள். பானெட்டைத் திறந்து, தலைமுடி கனத்துக்கு நான் இழுத்திருந்த செப்பு வயர்களை நக நுனியால் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“இதுல ஒண்ணு எங்கயும் போய்ச் சேரலையே?”

மாட்டிக்கொண்டேன். அந்த வயர் எஞ்சினுக்குப் பின்னால் மறைந்துவிடும், எந்த நடுவர் கண்ணுக்கும் படாது என்று பாதியில் நறுக்கி விட்டிருந்தேன். சாமணமும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு நான் செய்த திருட்டை அக்கா வெறும் நகத்தால் பிடித்துவிட்டாள். அவமானத்துக்குப் பதிலாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதினோரு மாதத்தில் முதல் முறையாக என் காரை ஒருவர் முழுசாகப் பார்க்கிறார் என்று தோன்றியது.

“சரி, இது பக்கத்துல நான் எவ்வளவு ஒசரம்?” என்றாள்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. டேப்பை எடுத்து அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். இருபத்து நான்கால் வகுத்தால் ஆறு சென்டிமீட்டரும் கொஞ்சமும். “உன் ஆள்காட்டி விரலவிட ஒரு சுத்து கம்மி.”

அக்கா மறுபடி உட்கார்ந்து, வலது ஆள்காட்டி விரலை நுனி கீழாக மேசைமேல் ஊன்றிக் காரின் பக்கத்தில் நிறுத்தினாள். நுனிதான் பாதம். இடது கையால் காரின் கூரையிலிருந்து தன் விரலுக்குத் தடவிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா? என் தாடைக்குத்தான் வருது! நான் பஸ் ஒசரம்னு நெனச்சேனே. இந்தக் குள்ளனுக்கா நாலு மாசமா வீட்டுல பதுங்கியிருக்கேன்?”

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் விரலை நடத்திக்கொண்டே காரைச் சுற்றினாள். முன்பக்கம் வந்ததும் பம்பரில் முட்டி நின்றாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இது என் முட்டிக்கு வருது.”

“ஆமா. பம்பர்.”

“முன்னாடி போய் எறங்கியிருந்தா இதுதானே முதல்ல பட்டிருக்கும்? என் முட்டியில ஒரு கீறல்கூட இல்லையேடா.” இடது கையால் பம்பரிலிருந்து மேலே தடவிக்கொண்டே போனாள். “கையில பட்டது எது? இந்த ஒசரத்துல கார்ல என்ன துருத்திட்டு இருக்கு?”

பக்கக் கண்ணாடி. அது இந்தக் காரில் இன்னும் இல்லை. எளிதில் உடையும் என்பதால் இரண்டையும் கடைசியில்தான் ஒட்டுவேன், டப்பியில் கிடந்தன. ஓடிப்போய் எடுத்துவந்து ஒட்டினேன். பசை இறுகும் நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் டாக்சி பழையது, இடித்தது புதுக் கார். கண்ணாடி உயரம் வேறாக இருந்தால்? எதிர் வீட்டு வாசலில் அதே ரகக் கார் நின்றிருந்தது. டேப்போடு இறங்கி அதன் கண்ணாடியை அளந்தேன். அப்படியே நடைபாதையின் உயரத்தையும் அளந்தேன். எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். வகுத்துப் பார்த்தால் என் காரின் கண்ணாடிக்கும் அதற்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வரவில்லை.

மேலே வந்து அக்காவின் முழங்கை உயரத்தையும் அளந்து வகுத்தேன். மாஸ்கிங் டேப் என்ற ஒட்டுக்காகிதத்தை நூல் போல நறுக்கி, விரலில் அந்த இடத்தில் சுற்றினேன். இப்போது விரல்தான் அக்கா, டேப்தான் முழங்கை.

“மேசை ரோடு,” என்றேன். “நீ ரோட்டுல எறங்கி நிக்கிற. கார் பக்கத்துல வருது.” காரை மெல்ல உருட்டினேன். கண்ணாடி டேப்பின்மேலும், அதற்குச் சற்று மேலேயும் பட்டது.

அக்கா இடது கையை மடக்கி, தகடு இருக்கும் இடத்தைத் தொட்டாள். “அப்ப முழங்கையிலயும் அதுக்கு மேலயும்தான் அடி விழுந்திருக்கணும். எனக்கு ஒடைஞ்சது நாலு விரல் கீழ.”

நடைபாதையின் உயரம் இந்த அளவில் ஆறு மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் ஒரு நோட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தேன். அக்காவின் விரலை அதன் விளிம்பில் நிறுத்தினேன். காரின் சக்கரங்கள் நோட்டை உரசும்படி பின்னாலிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன். சக்கரம் மேசையில்தான் இருந்தது. வண்டியின் உடம்பும் மேசைக்கு மேல்தான் இருந்தது. கண்ணாடி மட்டும் நோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு வந்து, டேப்புக்குக் கீழே, சரியாகக் கீழே, விரலைத் தட்டியது.

“இன்னொரு தடவ.”

உருட்டினேன். அதே இடம்.

“விடு, நான் உருட்டுறேன்.” இடது கையால் காரைப் பின்னுக்கு இழுத்து, வேகமாகத் தள்ளினாள். கண்ணாடி விரலில் மோதி முறிந்து, தெறித்து, தரையில் எங்கேயோ விழுந்தது. அவள் கை பானெட்டின்மேல் முழுசாக அழுந்தியிருந்தது.

“ஒடைஞ்சிடுச்சாடா?”

“போனாப் போகுதுக்கா,” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவிக்கும் அதே சந்தேகம்.

“அவன் ரோட்டுலதான் ஓட்டினேன்னு சொன்னான். பொய் இல்ல,” என்றாள் அக்கா. ஒலிப்பதிவு கேட்டு எழுதும்போது பேசுவது போல நிதானமாகப் பேசினாள். “முனையில ஒட்டித் திரும்பியிருக்கான். சக்கரம் ரோட்டுல. மிரர் என் எடத்துல. நான்…” விரலால் நோட்டின் விளிம்பைத் தடவினாள். “நான் எறங்கல.”

“இல்லக்கா.”

“நின்ன எடத்துலதான் நின்னிருக்கேன். எறங்கல நான்.”

நான் அழுதுவிட்டேன். மறைக்க முயன்றேன், அக்காவிடம் அழுகையை மறைக்க முடியுமா? மேசைமேல் ஒரு சாண் கார், ஒரு நோட்டு, டேப் சுற்றிய ஒரு விரல். நான்கு மாதமாக நாங்கள் யாரும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை அவளே அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். நான் இதுவரை கட்டியதெல்லாம் பார்ப்பதற்கு என்று நினைத்திருந்தேன். ஓர் உண்மையை அதே அளவில் சுருக்கிக் கையில் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போனேன். கண்ணாடி கிடைத்தது, ஒட்டினேன். பானெட்டில் பதிந்த நான்கு விரல் ரேகையை ஒன்றும் செய்ய முடியவில்லை. நடுவர் டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பரிசு பந்தயக் கார் ஒன்றுக்குப் போனது. எரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

திங்கட்கிழமை காலை அக்கா சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, மடக்குக் கோலை விரித்துக்கொண்டு வாசலில் நின்றாள். “அந்த முனை வரைக்கும் வா. அதுக்கு மேல வந்தா உதைப்பேன்,” என்றாள். பஸ்ஸில் வழியெல்லாம், வாக்குமூலத்தை எப்படித் திருத்தி எழுதித் தருவது என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதே முனை. கோல் விளிம்பில் தட்டியது. அக்கா நின்றாள். பிறகு ஒரு சாண் பின்னால் நகர்ந்து, இடது முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டாள்.

“தப்பு அவனோடதுதான்,” என்றாள். “ஆனா கை என்னோடதாச்சே.”

ஒரு வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து வந்து, முனையை ஒட்டித் திரும்பியது. அதன் கண்ணாடி நடைபாதைக்கு மேலே காற்றில் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். குரல் வருவதற்குள் அது போய்விட்டது. அக்கா அசையவில்லை.

“போயிடுச்சா?” என்றாள்.

“எப்படித் தெரிஞ்சது?”

“காத்து அடிச்சுதே. ஒசரம் அவ்வளவுதான்,” என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

நடப்பவர்களுக்கான சிக்னல் மணி அடிக்க ஆரம்பித்தது. வண்டிகள் நின்றன. என் கை தானாக அவள் தோளுக்குப் போனது. அவள் அதை எடுத்துக் கீழே விட்டாள். கோலை நீட்டி, விளிம்பைத் தொட்டு, ஒரு காலை முன்னால் வைத்தாள்.

“இப்பதான்டா எறங்குறேன்,” என்று சொல்லிவிட்டு அக்கா சாலையில் இறங்கினாள்.